முக்கால் விநாடி

என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். "கதை நன்றாகத்தான் போகிறது, ஆனால் மனோதத்துவம் சற்றுக் குறைவு" என்று குறைப்பட்டிருந்தார், ரசத்தில் உப்புக் குறைவு என்கிற மாதிரி. மறுவாரம் வேறோர் ஊரிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதே நாவலில் மனோதத்துவம் தூக்கலாம். கதை அதில் மூழ்கிப் போய்விட்டதாம். இரண்டு கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். கூடுதல், குறைச்சல் என்று சொல்லவேண்டுமானால் படியோ தராசோ ஏதாவது ஓர் அளவு இருக்க வேண்டும் அல்லவா? மனத்தை அளக்க ஒரு படி உண்டா? உண்டென்றால் அதை முதலில் கையில் எடுத்தவர் யார்?

இந்தக் கேள்வியோடு புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். மனோதத்துவம் என்றதும் நம்மில் பலருக்கு வியன்னா நகரமும், ஒரு சாய்வு மெத்தையும், அதன் பின்னால் தாடியோடு உட்கார்ந்திருக்கும் டாக்டர் ஃப்ராய்டும்தான் ஞாபகத்துக்கு வரும். நானும் அங்கேதான் போய்ச் சேருவேன் என்று நினைத்தேன். சேர்ந்த இடம் வேறு. லண்டனுக்கு அருகில் க்ரீனிச் குன்றின்மேல் இருக்கும் நட்சத்திர ஆராய்ச்சிக் கூடம் அது. அங்கே 1796-ம் வருஷத்துத் தொடக்கத்தில் ஓர் உதவியாளருக்கு வேலை போயிற்று. நீக்கியவருக்கும் சரி, நீக்கப்பட்டவருக்கும் சரி, தாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு புதிய சாஸ்திரத்துக்குக் கடைக்கால் தோண்டுகிறோம் என்று சொப்பனத்தில்கூடத் தோன்றியிராது.

நீக்கியவர் நெவில் மாஸ்கலின். இங்கிலாந்து மன்னரின் வான சாஸ்திரி என்ற பதவியில் 46 வருஷம் இருந்தவர். நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று மாலுமிகள் கணக்கிட்டுக்கொள்ள வருஷந்தோறும் பஞ்சாங்கம் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். நீக்கப்பட்டவர் டேவிட் கின்னப்ருக். நார்விச் ஊரில் ஒரு பள்ளி உபாத்தியாயருடைய மகன். (முதலில் எழுதும்போது மாஸ்கலினை 'அவர்' என்றும் கின்னப்ருக்கை 'அவன்' என்றும் என் பேனா எழுதிவிட்டது. அடித்துத் திருத்தினேன். தமிழில் எழுதுகிறவனுக்கு இந்தத் தொந்தரவு உண்டு. யாருக்கு வேலை போயிற்று என்பது தெரிந்த உடனேயே விகுதி மாறிவிடுகிறது.)

உதவியாளரின் வேலை இதுதான். டெலஸ்கோப்பின் கண்ணாடிக்குள் நெட்டுக்குத்தாகச் சில மெல்லிய கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கும். நட்சத்திரம் ஒரு பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து ஒவ்வொரு கம்பியாகக் கடக்கும். பக்கத்தில் விநாடிக்கு ஒரு தரம் 'டிக்' என்று அடிக்கும் ஊசல் கடிகாரம். கடிகாரத்தை ஒரு தரம் பார்த்து விநாடியைக் குறித்துக்கொண்டு, பிறகு கண்ணை டெலஸ்கோப்பிலும் காதைக் கடிகாரத்திலும் வைத்து எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பிக்கு இந்தப் பக்கம் நட்சத்திரம் இருந்தபோது ஒரு 'டிக்'. அந்தப் பக்கம் போனபின் அடுத்த 'டிக்'. இரண்டு இடங்களையும் மனத்திலேயே ஒப்பிட்டு, கம்பியைக் கடந்தது விநாடியில் பத்தில் எத்தனையாவது பங்கில் என்று எழுத வேண்டும். கண் ஒன்றைப் பார்க்கிறது, காது ஒன்றைக் கேட்கிறது, இரண்டையும் மனம் முடிச்சுப் போடுகிறது. அந்த முடிச்சில் பிசகு நேரக் கூடும் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை.

பிசகு நேரும். கச்சேரியில் முன்வரிசை ரசிகர்கள் தாளம் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே பாட்டு, ஒரே மிருதங்கம். ஆனால் பத்துத் தொடைகளில் பத்துக் கைகளும் ஒரே கணத்தில் விழுவதில்லை. ஒருவர் கை எப்போதும் ஓர் இழை முந்தும், இன்னொருவருடையது ஓர் இழை பிந்தும். இருவருமே தாங்கள்தான் சரி என்று சத்தியம் செய்வார்கள்.

கின்னப்ருக்கின் கை பிந்தியது. 1794-லும் 1795-ன் முற்பகுதியிலும் அவர் குறித்த நேரமும் மாஸ்கலின் குறித்த நேரமும் நன்றாகவே ஒத்துப் போயின. 1795 ஆகஸ்டில் கின்னப்ருக்கின் கணக்கு அரை விநாடி பின்தங்குவதை எஜமானர் கவனித்தார். எச்சரித்தார். பாவம், அந்த இளைஞர் திருத்திக்கொள்ளத்தான் முயன்றிருப்பார். ஜனவரியில் பார்த்தால் தாமதம் 0.8 விநாடியாக வளர்ந்துவிட்டது. முக்கால் விநாடியும் ஒரு சிட்டிகையும். இது ஒரு பிரமாதமா என்று தோன்றலாம். பூமத்திய ரேகையில் நிற்கும் ஒரு மனிதனை பூமி அந்த நேரத்துக்குள் கால் மைலுக்குச் சற்றுக் குறைவாக நகர்த்திவிடுகிறது. கடலில் பாறைக்கும் கப்பலுக்கும் நடுவே அவ்வளவு தூரம்கூட இல்லாமல் போகலாம். ஆகவே மாஸ்கலினை வெறும் கொடுங்கோலர் என்று தள்ளிவிட முடியாது. மற்ற விஷயங்களில் அவர் உழைப்பாளி, உபயோகமானவர், பிரிய மனமில்லாமல்தான் பிரிந்தேன் என்று அச்சிலேயே எழுதிவைத்தார். கின்னப்ருக் ஏதோ ஒழுங்கற்ற, குழப்பமான சொந்த முறையில் விழுந்துவிட்டதாகவும், இனி அதிலிருந்து மீள்வார் என்ற நம்பிக்கை தமக்கு இல்லை என்றும் அபிப்பிராயப்பட்டார்.

மாஸ்கலினுக்குத் தோன்றாத கேள்வி ஒன்றுதான்: பிசகியது தம்முடைய கண்ணும் காதுமாக இருந்தால்?

எனக்கு இதைப் படித்தபோது பழைய ஞாபகம் வந்தது. நானும் சில வருஷம் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவன். எங்கள் ஆபீஸில் ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. மானேஜர் கையில் ஒரு கடிகாரம் உண்டு. கைக்கடிகாரம் மூன்று நிமிஷம் முன்னால் ஓடும். ஆஜர்ப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுவது எந்தக் கடிகாரப்படி என்று எந்தக் குமாஸ்தாவும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

க்ரீனிச்சில் உதவியாளருடைய வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு சாட்சி இருக்கிறது. அதே உத்தியோகத்தில் இருந்த தாமஸ் எவான்ஸ் என்பவர் எழுதிவைத்திருக்கிறார்: மனித சகவாசமே கிடையாது, நாள், வாரம், மாதம் என்று ஒரே மாதிரிக் கணக்குகள், துணை என்று சொல்ல வேண்டுமானால் சுவர் வளையிலிருந்து எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு சுண்டெலி. மாஸ்கலின் காலத்தில் இருபதுக்கு மேற்பட்ட உதவியாளர்கள் வந்து போனார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

இதெல்லாம் எங்கோ சீமையில் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். அதே முறையில் நட்சத்திரம் பார்க்கும் கூடம் ஒன்றை நம் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-லேயே கட்டிவிட்டார்கள். நட்சத்திரம் கடப்பதைக் குறிக்கும் கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் இப்போதும் வானிலை ஆய்வு நிலையத்தின் வளாகத்தில் நிற்கிறது. மைக்கேல் டாப்பிங் என்ற நிர்மாணிப்பாளர் பெயரும் வருஷமும் அதில் வெட்டியிருக்கின்றன. பல மொழிகளில் உள்ள சாசனத்தில் தமிழும் உண்டு. அந்தத் தூணின் அருகில் இரவெல்லாம் கண் விழித்து 'டிக் டிக்' எண்ணியவர்களுக்கும் முந்தலும் பிந்தலும் இருந்துதான் இருக்கும்.

கின்னப்ருக்கின் கதை அச்சிட்ட கணக்குப் புத்தகத்தில் இருபது வருஷம் தூங்கியது. 1816-ல் ஒரு ஜெர்மன் வான சாஸ்திரப் பத்திரிகையில் க்ரீனிச் கூடத்தின் சரித்திரத்தை எழுதியவர் இந்தச் சம்பவத்தையும் ஒரு வரி சேர்த்தார். அதைப் படித்தார் ஃப்ரீட்ரிக் பெஸல். நம் கதை இங்கிலாந்தை விட்டுக் கிழக்கே பிரஷ்யா தேசத்துக் கோனிக்ஸ்பர்க் நகருக்குப் போகிறது. அங்கே நட்சத்திரக் கூடத்தின் தலைவர் பெஸல். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ப்ரேமன் துறைமுகத்தில் ஒரு வர்த்தகக் கம்பெனியில் கணக்கெழுதியவர். ராத்திரியில் தாமாகவே வான சாஸ்திரம் படித்து முன்னுக்கு வந்தவர். அவர் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதால்தான் உதவியாளர் பக்கத்திலிருந்து யோசித்தார் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆதாரம் கிடையாது, நாவலாசிரியனுடைய ஆசை என்று விட்டுவிடுங்கள்.

பெஸல் கேட்ட கேள்வி புதிது. உதவியாளர் அசட்டையாக இருந்திருந்தால் பிசகு ஒரு நாள் முன்னும் ஒரு நாள் பின்னுமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? மாதக் கணக்கில் ஒரே பக்கமாகவே பிசகுவானேன்? 1820-ம் வருஷத்துக் குளிர்காலத்தில் வால்பெக் என்ற வான சாஸ்திரி கோனிக்ஸ்பர்க் வந்திருந்தபோது பெஸல் அவரையும் தம்மையும் பரீட்சை செய்து பார்த்தார். ஐந்து இரவுகள், பத்து நட்சத்திரங்கள். இருவருமே தேர்ந்த கைகள். முடிவு: ஒவ்வொரு தடவையும் பெஸல் முந்தினார், வித்தியாசம் சராசரி 1.041 விநாடி. கின்னப்ருக்கின் குற்றத்தைவிடப் பெரிது! 1823-ல் அர்கெலாண்டர் என்பவரோடு பார்த்தார்; 1.223 விநாடி. ஸ்ட்ரூவ என்ற பெரிய சாஸ்திரிக்கும் தமக்கும் 1814-ல் அநேகமாக வித்தியாசமே இல்லை. பத்து வருஷத்துக்குள் அதுவும் ஒரு விநாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆக, ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதே ஆளுக்கும் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது.

யாரை யார் வேலையிலிருந்து நீக்குவது?

வான சாஸ்திரிகள் இதற்கு ஒரு கணக்கு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் இவ்வளவு வித்தியாசம் என்று குறித்து வைத்து, கூட்டியோ கழித்தோ சரிக்கட்டினார்கள். 'ஆள் சமன்பாடு' என்று அதற்குப் பெயர் வந்தது. அவர்களுக்கு வேண்டியது நட்சத்திரம். இடையில் இருக்கும் மனிதன் வெறும் இடைஞ்சல். அந்த இடைஞ்சலையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ள இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று. ஆனால் அதுவும் நடந்தது கோனிக்ஸ்பர்க்கிலேதான். இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ரஷ்யர் வசமாகி, 1946-ல் காலினின்கிராட் என்று பெயர் மாறிய ஊர் இது. அதற்கு முந்தைய புகழெல்லாம் தத்துவஞானி இம்மானுவேல் கான்டினால் வந்தது. கான்ட் பிறந்தது, படித்தது, கற்பித்தது, 1804-ல் கண்ணை மூடியது எல்லாம் இங்கேதான். மாலையில் அவர் உலாவப் புறப்படுவதைப் பார்த்து அண்டை வீட்டார் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று ஒரு கதை. இப்படிப்பட்டவர் 1786-ல் ஒரு புத்தகத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: மனத்தைப் பற்றிய ஆராய்ச்சி ஒருநாளும் உண்மையான இயற்கை விஞ்ஞானம் ஆக முடியாது. காரணங்கள் பலமானவை. விஞ்ஞானம் என்றால் கணிதம் வேண்டும். மன ஓட்டத்தை எந்தக் கோல் கொண்டு அளப்பது? இரண்டாவது, மனம் தன்னைத்தானே கவனிக்கத் தொடங்கினால், கவனிக்கிற செயலே கவனிக்கப்படுவதை மாற்றிவிடும். கோபம் வந்தபோது 'எனக்கு இப்போது கோபம் எப்படி இருக்கிறது' என்று கவனித்துப் பாருங்கள். பாதிக் கோபம் போய்விடும். கான்ட் பிடித்த பிடி லேசானதல்ல. அவருடைய நாற்காலிக்கு 1809-ல் வந்த ஹெர்பார்ட் மன ஓட்டத்துக்குச் சமன்பாடுகள் எழுதித் தள்ளினார். ஆனால் ஒரே ஒரு பரிசோதனைகூடச் செய்யவில்லை. மனை வாங்காமல் வீட்டுக்கு வரைபடம் போட்ட கதைதான்.

கான்ட் கேட்ட கோல் அதே ஊரில் கிடைத்தது. கடிகாரம்தான் அந்தக் கோல்.

1849-ல் கோனிக்ஸ்பர்க் ஸர்வகலாசாலைக்கு உடலியல் ஆசிரியராக வந்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். வயது 28. நரம்பின் வழியே உணர்ச்சி பரவும் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று அவருடைய குருவான யோஹன்னஸ் ம்யுல்லர் எழுதியிருந்தார். அது மின்னல் வேகம், ஒளி வேகம் என்று அவரவர் மனம்போல நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு தவளைத் தொடையை எடுத்துக்கொண்டார். தசைக்குப் பக்கத்தில் நரம்பைத் தூண்டினால் தசை துடிக்க எவ்வளவு நேரம், சில சென்டிமீட்டர் தள்ளித் தூண்டினால் எவ்வளவு நேரம் என்று மின்சாரக் கருவியால் அளந்தார். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு விநாடி. கணக்குப் போட்டால் நரம்பின் வேகம் விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். ஒளியும் இல்லை, மின்னலும் இல்லை; ஓர் எக்ஸ்பிரஸ் ரயிலின் வேகம்! பரிசோதனை நடக்கும்போது எண்களைக் குறித்துக் கொடுத்தவர் அவருடைய இளம் மனைவி ஓல்கா.

தகப்பனாருக்கு எழுதினார். தகப்பனார் பள்ளி ஆசிரியர், தத்துவம் படித்தவர். அவருக்கு இது சம்மதமாகவில்லை. நினைப்பதும் உடம்பு அசைவதும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதில்லை, இரண்டும் ஒரே உயிர்ச் செயல் என்பது அவர் கட்சி. மகன் சொல்வதை ஒப்புக்கொள்வது, ஆப்ரகாம் காலத்தில் அழிந்துபோன நட்சத்திரம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை ஒப்புக்கொள்வது போல் இருக்கிறது என்று பதில் போட்டார். இதில் ஒரு வேடிக்கை. அதே கோனிக்ஸ்பர்க்கிலிருந்துதான் 1838-ல் பெஸல் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை முதன்முதலாக நம்பத் தகுந்தபடி அளந்து சொன்னார். அதன் ஒளி நம்மை வந்து சேர 11 வருஷம் போல ஆகிறது. மறைந்த நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியத்தான் தெரியும். தகப்பனார் அசாத்தியம் என்று காட்டிய உதாரணமும் உண்மையாகவே இருந்தது.

ஆனாலும் அந்தக் கிழவர் மனத்தில் பட்ட அதிர்ச்சியை நான் குறைவாக மதிக்கவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு 'ஆ' என்கிறேன். சுட்டதற்கும் நான் அறிவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதாம். அந்த இடைவெளியில் நான் எங்கே இருக்கிறேன்? உபநிஷத்துகளைக் கரைத்துக் குடித்தவர்களையும் திகைக்க வைக்கிற கேள்வியை ஒரு தவளையின் கால் எழுப்பிவிட்டது. மனிதர்களிடமும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளந்து பார்த்தார். தோலில் ஓரிடத்தைத் தூண்டி, உடனே கையை அசைக்கச் சொன்னார். ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை எண்கள் மாறின. கின்னப்ருக்கின் ஆவி! அவர் சலித்துப்போய் அதை விட்டுவிட்டார். ஹாலந்தில் டான்டர்ஸ் என்ற கண் வைத்தியர் அதை எடுத்துக்கொண்டார். எந்தப் பாதத்தில் மின்சாரம் படும் என்று முன்கூட்டியே தெரிந்து கையை அசைப்பதற்கும், வலது பாதமா இடது பாதமா என்று தேர்ந்து அந்தப் பக்கத்துக் கையை அசைப்பதற்கும் ஆகும் நேரங்களைக் கழித்துப் பார்த்தார். தேர்ந்தெடுக்கும் செயலுக்கு மட்டும் விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு. 1868-ல் இதை விரிவாக வெளியிட்டார். ஒரு முடிவு எடுக்க ஆகும் நேரத்துக்கு முதன்முதலாக விலை குறித்தாயிற்று.

இன்னொரு பாதையில் இன்னொருவர் வந்துகொண்டிருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் தொழிலுக்குத் துரோகம். லைப்ஸிக் நகரத்துப் பௌதிகப் பேராசிரியர் குஸ்டாவ் ஃபெக்னர். கண்ணை மூடிய பிறகும் நிற்கும் ஒளிப் பிம்பங்களை ஆராய்வதற்காக வர்ணக் கண்ணாடி வழியே சூரியனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். 1840-ஐ ஒட்டி உடம்பும் மனமும் நொறுங்கிவிட்டன. மூன்று வருஷம் இருட்டறை. சாப்பாடு இறங்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரு பெண்மணியின் கனவில் ஒரு பக்குவம் வந்ததாம்: மசாலா இட்ட மாமிசத்தை எலுமிச்சைச் சாற்றிலும் திராட்சை மதுவிலும் ஊறவைத்துக் கொடுக்கச் சொல்லி. கொடுத்தார்கள், இறங்கிற்று. 1843-ல் கண்கட்டை அவிழ்த்துத் தோட்டத்துக்கு வந்தபோது பூக்களெல்லாம் உள்ளொளியோடு ஜொலிப்பதைக் கண்டார். செடிகளுக்கும் ஆத்மா உண்டு என்று ஒரு புத்தகமே எழுதினார். அந்த மனிதருக்கு 1850 அக்டோபர் 22-ம் தேதி காலை, படுக்கையை விட்டு எழுவதற்கு முன், ஒரு யோசனை உதித்தது. உடம்புக்கும் மனத்துக்கும் உள்ள உறவைச் சூத்திரமாக எழுதிவிடலாம் என்று.

அந்தச் சூத்திரத்தின் சாரம் நமக்குத் தெரிந்ததுதான். இருட்டு மாடத்தில் ஓர் அகல் எரிகிறது. இன்னோர் அகல் ஏற்றினால் வெளிச்சம் கூடியது பளிச்சென்று தெரியும். திருக்கார்த்திகை அன்று நூறு அகல் எரியும் முற்றத்தில் அதே அகலைக் கொண்டுவந்து வையுங்கள். யார் கண்ணுக்கும் தெரியாது. உணர்வதற்கு வேண்டியது இவ்வளவு என்ற அளவு அல்ல, ஏற்கெனவே இருப்பதில் இத்தனையில் ஒரு பங்கு. எடையைத் தூக்கிப் பார்ப்பதில் அது நாற்பதில் ஒரு பங்கு என்று அதே லைப்ஸிக்கின் வேபர் முன்பே கண்டிருந்தார். ஃபெக்னர் ஆயிரக்கணக்கான தடவை எடைகளைத் தூக்கித் தூக்கி 1860-ல் தமது பெரிய நூலை வெளியிட்டார். ஆத்மாவைத் தேடிப் போன மனிதர் தராசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடிகாரமும் தராசும் வந்தாயிற்று. இனி வேண்டியது ஒரு கட்டடமும் காரியதரிசியும். அந்த இடத்துக்கு வந்தவர் வில்ஹெல்ம் வுண்ட். ஹைடல்பர்க்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு உதவியாளராக இருந்தவர். வுண்ட் 1861-ல் ஒரு ஊசல் கடிகாரத்தில் மணி அடிக்கும்படி ஓர் இணைப்புச் செய்து, மணி ஒலித்தபோது ஊசல் எங்கே இருந்தது என்று தாமே பார்த்தார். ஊசல் உண்மையில் இருந்த இடமும் அவர் கண்ட இடமும் ஒன்றாக இல்லை. கண்ணிலிருந்து காதுக்குக் கவனம் மாற விநாடியில் எட்டில் ஒரு பங்கு ஆகிறது என்று கணக்கிட்டார். க்ரீனிச் குற்றவாளிக்கு 65 வருஷம் கழித்து விடுதலைத் தீர்ப்பு! அதை அவர் விளக்கி எழுதியது எந்தப் பெரிய ஆராய்ச்சிப் பத்திரிகையில் தெரியுமா? 'கார்டன்லௌப' என்ற குடும்பப் பத்திரிகையில், 1862-ல். தொடர்கதைக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவே மனத்தின் வேகத்தைப் பற்றி ஒரு கட்டுரை. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்.

1875-ல் லைப்ஸிக்குக்குப் பேராசிரியராக வந்த வுண்டுக்கு, சாமான்கள் போட்டு வைக்கப் பழைய சாப்பாட்டு விடுதிக் கட்டடத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். அங்கே 1879-ல் மாணவர்கள் ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார்கள். உலகத்தின் முதல் மனோதத்துவப் பரிசோதனைச் சாலை என்று சரித்திரக்காரர்கள் குறிப்பது அதைத்தான். 1881-ல் ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். பெயர் 'தத்துவ ஆராய்ச்சிகள்'. மனத்தை ஆராய்கிறவர் அப்படிப் பெயர் வைப்பானேன் என்றால், 'மன ஆராய்ச்சிகள்' என்ற பெயரை ஆவிகளோடு பேசுகிறவர்களின் பத்திரிகை ஒன்று முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

அந்த அறையில் என் கவனத்தைக் கவர்ந்தது கருவிகள் அல்ல. ஆயிரத்தில் ஒரு விநாடியைக் காட்டும் ஹிப் கடிகாரம் இருந்தது, வாஸ்தவம். ஆனால் அதன் எதிரே, பரீட்சிக்கப்படுபவரின் நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். வுண்டே உட்கார்ந்தார். மாணவர் மாக்ஸ் ஃப்ரீட்ரிக் விளக்கைக் காட்ட, பேராசிரியர் பட்டனை அழுத்தினார். மறுநாள் மாணவர் உட்கார்ந்தார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஸ்டான்லி ஹாலும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர். க்ரீனிச்சில் எஜமானர் அளவுகோல், உதவியாளர் அளக்கப்படுகிறவர். லைப்ஸிக்கில் எல்லோருக்கும் ஒரே கடிகாரம். எஜமானருடைய தாமதமும் கணக்குப் புத்தகத்தில் ஏறியது. மனோதத்துவம் சாஸ்திரமானது எந்த நாளில் என்று என்னைக் கேட்டால், பேராசிரியர் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்த நாளில் என்பேன்.

சலிப்பூட்டும் வேலைதான். சலிப்பே வராத ஜெர்மானியருடைய தேசத்தில்தான் இப்படி ஒரு சாஸ்திரம் பிறக்க முடியும் என்று அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ் கேலி செய்தார். பெர்லினில் எபிங்கௌஸ் என்பவர் அர்த்தமில்லாத 2,300 அசைகளைத் தயாரித்து, தன்னந்தனியாக உருப்போட்டும் மறந்தும் பார்த்து, மறதிக்குக் கணக்கெழுதி 1885-ல் புத்தகம் போட்டார். கற்ற ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. மிஞ்சியதில் ஒரு பகுதி ஒரு மாதமானாலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி உருப்போட்டவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள். வுண்டுக்கும் தம் கடிகாரத்தின் எல்லை தெரிந்திருந்தது. மொழி, புராணம், வழக்கம் போன்ற பெரிய மனக் காரியங்களைப் பரிசோதனைச் சாலையில் பிடிக்க முடியாது என்று சொல்லி, அவற்றுக்காகக் கடைசி இருபது வருஷத்தில் பத்து பாகம் எழுதினார். பின்னால் வந்தவர்கள் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பத்து பாகத்தையும் அலமாரியில் விட்டுவிட்டார்கள்.

லைப்ஸிக்கில் ஓர் அமெரிக்க மாணவர் இருந்தார், ஜேம்ஸ் கட்டெல். "உங்களுக்கு ஓர் உதவியாளர் தேவை; அது நான்தான்" என்ற பாவனையில் வுண்டிடம் தாமாகவே போய்ச் சேர்ந்துகொண்டவர். எல்லா மனத்துக்கும் பொதுவானது எது என்பது குருவின் கேள்வி. ஆளுக்கு ஆள் ஏன் வித்தியாசம் என்பது சிஷ்யனின் கேள்வி. அதாவது மறுபடியும் கின்னப்ருக். ஊருக்குத் திரும்பிய கட்டெல் 1890-ல் 'மனப் பரீட்சை' என்ற சொல்லை உண்டாக்கி, பின்பு கொலம்பியா ஸர்வகலாசாலையில் மாணவர்களைக் கடிகாரத்தின் முன் உட்காரவைத்தார். 1901-ல் அவருடைய மாணவரே கணக்கெடுத்துப் பார்த்தார். பட்டனை வேகமாக அழுத்தியதற்கும் வகுப்பில் வாங்கிய மார்க்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

இதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வுண்டின் இன்னொரு மாணவர் ம்யுன்ஸ்டர்பர்க் ஹார்வர்டில் இருந்துகொண்டு, டிராம் வண்டி ஓட்டுகிறவர்களைப் பரீட்சை செய்து பொறுக்கும் முறை ஒன்றை உண்டாக்கி, 1913-ல் ஆங்கிலத்தில் வந்த புத்தகத்தில் விவரித்தார். 1917-ல் யுத்தத்தில் இறங்கிய அமெரிக்கா சுமார் 17 லட்சம் சிப்பாய்களை மனப் பரீட்சைக்கு உட்படுத்தியது. ம்யுன்ஸ்டர்பர்க்கிடம் படித்த நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில் 1916-ல் கல்கத்தா ஸர்வகலாசாலையில் மனோதத்துவப் பரிசோதனைச் சாலை திறந்தது. லைப்ஸிக்கின் கொள்ளுப் பேரக் குழந்தை நம் தேசத்துக்கு வந்த வழி அது. பேராசிரியர் எழுந்துகொண்டார், நாற்காலியில் வேலை தேடி வந்தவன் உட்கார்ந்தான். கடிகாரம் மேஜைக்கு அந்தப் பக்கம், அதிகாரியின் கைக்குப் போய்விட்டது.

டிராம் ஓட்டுகிறவனுக்குக் கை வேகம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், நடுத்தெருவில் குழந்தை குறுக்கே ஓடினால் முக்கால் விநாடி என்பது மாஸ்கலினின் கப்பலைவிடப் பெரிய விஷயம். நான் கேட்பதெல்லாம், பரீட்சை வைக்கிறவர்களுடைய கையையும் என்றைக்காவது அந்தப் பட்டனில் வைத்துப் பார்த்தார்களா என்பதுதான். பெஸல் பார்த்தார். வுண்ட் பார்த்தார்.

கின்னப்ருக் இதில் எதையும் அறியவில்லை. அவர் 1802-ல், முப்பது வயதளவில் காலமானார். அப்போது கான்ட் கோனிக்ஸ்பர்க்கில் உயிரோடுதான் இருந்தார். பெஸல் ப்ரேமனில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். வுண்ட் பிறக்க இன்னும் முப்பது வருஷம் இருந்தது. க்ரீனிச் நாட்களில் கின்னப்ருக்குக்கும் அவர் தகப்பனாருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் சில கடிதங்கள் பிழைத்துக் கிடக்கின்றன. மனோதத்துவப் பாடப் புத்தகங்கள் பலவற்றில் முதல் அத்தியாயத்தில் அவருக்கு ஒரு பாராவாவது ஒதுக்கியிருப்பார்கள். அதில் கடிதங்கள் வருவதில்லை, 0.8 விநாடி வரும்.

எனக்கு எழுதிய இரண்டு வாசகர்களுக்கும் இன்னும் பதில் போடவில்லை.